அரை ஆழாக்குச் சமையல்

நம் சமுதாயத்தில் சமையல் என்றாலே அது பலருக்கான சமையல்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. நெய்ச்சோறு என்றால் படிக்கணக்கு, தால்ச்சா என்றால் தேக்சாக் கணக்கு. விருந்தாளி வராத நாளிலும், "யாராவது வந்துவிட்டால்?" என்று இன்னும் ஒரு பிடி அரிசியைச் சேர்த்தே பழகியவை நம் தாய்மார்களின் கைகள். அந்தக் கைகளிடம் போய், "இனி ஒருவருக்கு மட்டும் ஆக்கினால் போதும்" என்று சொன்னால் அவை என்ன செய்யும்? பெரும்பாலும் ஆக்குவதையே நிறுத்திவிடுகின்றன.

மிகைப்படுத்திக் கூறுவதாக எண்ண வேண்டாம். சென்னையின் தெற்கே, திருவான்மியூரை அடுத்துள்ள கொட்டிவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை அது ஓர் ஊராட்சி. கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் அச்சாலையின் இருமருங்கிலும் கணினி நிறுவனங்கள் எழும்பின. தென் மாவட்டங்களிலிருந்து படித்த பிள்ளைகள் வேலை தேடி வந்தனர். அவர்களுள் நம் பிள்ளைகளும் உண்டு. ஓர் அறை, ஒரு சிறு அடுப்படி, காலை ஒன்பதுக்கு வேலை, இரவு ஒன்பதுக்கு வீடு. அதே குடியிருப்புகளில் வேறு சில வீடுகளும் உள்ளன. மக்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தாயோ தந்தையோ தனித்திருக்கும் வீடுகள் அவை. இளையவருக்கு நேரமில்லை. முதியவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, மனம்தான் இல்லை.

கொட்டிவாக்கத்தில் அப்படித் தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவரை அண்மையில் காண நேர்ந்தது. குளிர்பதனப் பெட்டி, மிக்சி, எரிவாயு அடுப்பு, எதற்கும் குறைவில்லாத வீடு. "பசியாறிட்டீங்களா மாமி?" என்று கேட்டோம்.

"ஆச்சும்மா. டீயும் ரெண்டு பன்னும்."

"மதியத்துக்கு?"

"நேத்து வச்ச ரசம் கிடக்கு. எனக்கு ஒருத்திக்கு என்னம்மா தனியா ஆக்குறது?"

இந்த ஒரு வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் உம்மாவிடமிருந்து கேட்டிருக்கலாம், கணவரை இழந்த பெரியம்மாவிடமிருந்து கேட்டிருக்கலாம். மௌத்து வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் மூன்று நாட்கள் சோறு கொண்டு வருகிறார்கள். நல்ல வழக்கம். நான்காம் நாள் அந்தப் பெண்மணி தம் அடுப்பின் முன் தனியே நிற்கும்போது நம்மில் யார் அங்கிருக்கிறோம்? வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள், "சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். "சாப்பிட்டேன்" என்று பதில் வந்துவிடும். "இன்னிக்கு என்னம்மா ஆக்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை நிலவரம் தெரியும்.

மாத்திரையும் வெறும் வயிறும்

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், தனியே உண்பவர் அரைகுறையாக உண்பது வெறும் மனவருத்தத்தோடு முடியும் செய்தியாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளதாக அது மதிப்பிட்டது. நம் வீடுகளில் அறுபதைக் கடந்தவர்களின் தலைமாட்டில் மாத்திரைப் பட்டை இல்லாத வீடு அரிது.

அம்மாத்திரைகளுள் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சில உண்டு. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியின் நிலையும் அதுவே. மாத்திரையை விழுங்கிவிட்டு, "பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று படுத்துவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பின்பு குழப்பம், மயக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் யாராவது பார்த்து வாயில் ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போடுவார்கள். பூட்டிய கதவுக்குள் ஒருவர் மட்டும் இருக்கும்போது யார் பார்ப்பது?

மயக்கம் வராதவர்களுக்கும் இழப்பு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020-இல் அளித்த பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ, பன், ரசஞ்சோறு, இரவுக்கு இரண்டு இட்லி என்று நாளைக் கழிப்பவர் அதில் பாதியை எட்டுவதே கடினம். எட்டாதபோது உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. முதுமையில் அப்படிக் கரைந்த தசை எளிதில் திரும்புவதில்லை. குளியலறையில் கால் இடறும்போதுதான் அந்த இழப்பு நமக்குத் தெரிய வருகிறது.

இளைஞர்களின் கதை வேறு வகை. அவர்கள் பட்டினி கிடப்பதில்லை. கைப்பேசியில் வரவழைக்கும் பிரியாணி இருக்கிறது, இரண்டு நிமிட நூடுல்ஸ் இருக்கிறது. நூடுல்ஸ் பொட்டலத்தினுள் வரும் மசாலாத் தூளில் உள்ள உப்பை யாரும் எண்ணுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்புத்தான் என்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு, அவ்வளவே. இவ்விடத்தில் தாய்மார்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மகனைச் சென்னைக்கு அனுப்பும்போது ஊறுகாய்ப் போத்தலும் மாசியும் பொரிமாவும் கட்டிக் கொடுக்கிறீர்கள். ஒரு கோப்பை சோறு வடிக்கக் கற்றுக் கொடுத்தீர்களா? "ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்ற பேச்சு, பிள்ளைக்கு முப்பது வயதில் கொழுப்பு நிறைந்த கல்லீரலாக வந்து நிற்கிறது.

அளவுதான் சிக்கல்

தனியாள் சமையலைக் கடினமாக்குவது நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் பார்த்த வரையில் அளவுதான் சிக்கல். எலுமிச்சையளவு புளி, ஒரு மூடித் தேங்காய், கால் கிலோ வெங்காயம் என்று நம் கைப்பக்குவமெல்லாம் ஆறு பேர் கணக்கில் அமைந்தது. அதை ஒருவருக்குச் செய்தால் மூன்று நாள் மிஞ்சும். மிஞ்சியதைத் தின்று தின்று சலிப்பு வரும். சலிப்பு வந்தபின் பன்தான்.

ஆகவே பழைய ஆழாக்கை மீண்டும் எடுங்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர். அரை ஆழாக்கு அரிசி நிறுத்தால் சுமார் 70 கிராம் வரும். ஒருவரின் ஒரு வேளைக்கு அது போதும். கால் ஆழாக்குப் பருப்பு, அதாவது 35 கிராம், அதற்குத் துணை. அரிசிக்குப் பாதி பருப்பு என்ற இந்தக் கணக்கை மனத்தில் பதித்துக்கொண்டால் வேறு அளவுக் கரண்டி தேவையில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் தானியத்தைக் குறைத்துப் பருப்பு, காய், கீரையைக் கூட்டத்தான் சொல்கிறது. மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்பது அதன் அறிவுரை. நம் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

புளிக்குக் கொட்டைப்பாக்களவு. சின்ன வெங்காயம் ஐந்து. பூண்டு இரண்டு பல். தேங்காய் இரண்டு மேசைக்கரண்டித் துருவல். மீதித் தேங்காயைத் துருவி உறைபெட்டியில் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. பாத்திரங்களில் அவசியமானது இரண்டு லிட்டர்க் குக்கர் ஒன்று. ஐந்து லிட்டர்க் குக்கரில் அரை ஆழாக்கு அரிசியைப் போட்டு அடிபிடிக்கவிட்டு, "ஒருவருக்குச் சோறு வராது" என்று முடிவு கட்டுவோர் பலர். பெரிய குக்கர்தான் இருக்கிறது என்றால், அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசியையும் நீரையும் ஒரு கிண்ணத்தில் இட்டு உள்ளே வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் பருப்பு. ஒரே விசிலில் இரண்டும் வெந்துவிடும், கழுவவும் எளிது.

கஞ்சியை நோன்புக்கு மட்டும் ஒதுக்காதீர்கள்

தனியாளுக்கு நம் சமையலிலேயே ஆயத்தமாக ஓர் உணவு இருக்கிறது. அதுதான் நோன்புக் கஞ்சி. ரமலானில் பள்ளிவாசல் அண்டாவில் காய்ச்சித் தூக்குவாளிகளில் வாங்கிச் செல்லும் அதே கஞ்சியை ஏன் பதினோரு மாதங்கள் மறந்துவிடுகிறோம் என்பது வியப்பாகவே உள்ளது. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, காய், கொஞ்சம் தேங்காய்ப்பால் என ஒரு வேளைக்கு வேண்டிய யாவும் ஒரே பாத்திரத்தில் அடங்கிவிடுகின்றன. பல் இல்லாதவரும் உண்ணலாம்.

ஒருவருக்கான முறை இது. அரை ஆழாக்கு நொய்யரிசி, கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, இரண்டையும் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர்க் குக்கரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பட்டை ஒரு துண்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், நசுக்கிய பூண்டும் சின்ன வெங்காயமும், அரைத் தேக்கரண்டி இஞ்சி விழுது சேர்த்து வதக்குங்கள். ஒரு தக்காளி, நறுக்கிய கேரட் ஒன்று, மஞ்சள் தூள். கொத்துக்கறி இருந்தால் ஒரு கைப்பிடி. பிறகு அரிசி, பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், அளவாய் உப்பு. நான்கு விசில். ஆவி அடங்கித் திறந்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு ஒரு கொதி விட்டு, இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றி இறக்க வேண்டியதுதான். கஞ்சியும் பருப்பும் நுரைத்து எழும் தன்மையுடையவை. ஆதலால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து. எல்லாமாக அரை மணி நேரம் ஆகும். அதில் உங்கள் கைக்கு வேலை பத்து நிமிடம் கூட இராது. மீதி நேரத்தில் அஸர் தொழுதுவிடலாம்.

மாசியைப் பற்றியும் ஒரு சொல். சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காய வைத்த மாசி, மாலத்தீவிலிருந்தும் மினிக்காயிலிருந்தும் நம் கடற்கரை ஊர்களுக்கு வந்து நம்முடையதாகிவிட்ட பொருள். இடித்த மாசி இரண்டு கரண்டி, தேங்காய்த் துருவல், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அம்மியில் ஓட்டினாலோ மிக்சியில் ஒரு சுற்று சுற்றினாலோ ஐந்தே நிமிடத்தில் சம்பல் ஆயத்தம். சோற்றுக்கும் ஆகும், கஞ்சிக்கும் ஆகும். மாசியில் புரதம் நிறைய உண்டு. உப்பு மட்டும் தனியே சேர்க்கும் முன் ருசி பாருங்கள்.

குப்பத்து மீன்

கொட்டிவாக்கத்தில் குடியிருப்பவருக்கு இறைவன் அருளிய வசதி ஒன்றுண்டு. காலையில் எழுந்து குப்பத்துக் கரைக்கு நடந்தால் கண்ணெதிரே மீன். ஆயினும் பலர் வஞ்சிரம் ஒன்றையே மீனென்று எண்ணி, அதன் விலையைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒருவருக்கு வஞ்சிரம் எதற்கு? நெத்திலி, காரல், மத்தி, சிறிய சங்கரா போதும். மத்தியில் இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. விலையோ வஞ்சிரத்துக்கு அருகில் கூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறு மீன் அப்போதும் கிடைக்கும்.

கூறு கட்டி விற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் வாங்கினால் மிஞ்சும். அடுத்த வீட்டாரோடு சேர்ந்து ஒரு கூறை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சுத் துணையும் சேர்ந்து கிடைக்கும். கழுவிய மீன் 150 கிராம் இருந்தால் ஒருவரின் ஆணத்துக்குத் தாராளம். வதக்கவும் வேண்டாம். கரைத்த புளியில் முக்கால் தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி மல்லித் தூள், மஞ்சள், உப்பு, நசுக்கிய வெங்காயம், பூண்டு, கையால் பிசைந்த ஒரு தக்காளி யாவற்றையும் சட்டியிலேயே கூட்டி அடுப்பில் ஏற்றுங்கள். பச்சை வாடை போக ஏழெட்டு நிமிடம் கொதித்ததும் தேங்காய் விழுதைக் கரைத்து ஊற்றி மீனைப் போடுங்கள். நெத்திலிக்கு நாலு நிமிடம், சங்கராவுக்கு ஏழு நிமிடம். இறக்கிய பின் கறிவேப்பிலையும் அரைத் தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயும். இதைச் செய்ய ஆகும் நேரத்தில், வரவழைக்கும் பிரியாணி வண்டி திருவான்மியூர் சிக்னலைக் கூடத் தாண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றை வாங்கி வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டதும் முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். வாங்கியவுடன் வீட்டுக்கு வந்து குளிரில் வைத்துவிட வேண்டும்.

மிஞ்சியதை என்ன செய்வது?

அளவாக ஆக்கினாலும் சில நாள் மிஞ்சவே செய்யும். மிஞ்சிய சோற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு சென்னையின் வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்குவதாலும் போகாது. ஆகவே மதியச் சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரே முறை நன்கு சூடாக்கி உண்டு முடித்துவிடுங்கள். நீரூற்றிப் புளிக்க வைக்கும் பழைய சோற்றின் கதை வேறு. அங்கே புளிப்பு ஏறும்போது மற்ற நுண்ணுயிர்கள் அடங்குகின்றன.

சோற்றை விட, பாதிச் சமையலை மிஞ்ச வைப்பதே அறிவுடைமை. வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வெங்காயமும் தக்காளியும் வதக்கி ஆற வைத்து, ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய விடுங்கள். ஒருவருக்கு இரண்டு கட்டிகள். கொண்டைக்கடலையை அவித்து ஒரு வேளை அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். அலுத்துத் திரும்பிய இரவில் இரண்டு கட்டி மசாலா, ஒரு பிடி கடலை, ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் சப்பாத்திக்கோ இடியப்பத்துக்கோ ஆணம். முட்டையொன்றில் ஆறு கிராம் புரதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

தனியாளின் சஹர்

தனிமை மிகக் கனமாகத் தெரிவது சஹர் நேரத்தில்தான். எழுப்பிவிட ஆளில்லை, எதிரே அமர ஆளில்லை. இரவே வயிறு முட்டத் தின்றுவிட்டு, சஹருக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு நிய்யத்து வைப்பவர்கள் உண்டு. முதல் வாரம் தாங்கும். பிறகு தலைவலியும் சோர்வும் மலச்சிக்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெள்ளைச் சோறும் ஊறுகாயும் சஹருக்கு உதவா. ஊறுகாயின் உப்பு பகலில் தாகத்தை மூட்டும். மெதுவாகச் செரிப்பவை நல்லவை. கோதுமை ரவைக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, தயிர், ஒரு வாழைப்பழம் போதும்.

நீரிழிவு உள்ளவர் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நோன்பிருக்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தெளிவாகவே தந்திருக்கிறது. தனியே இருப்பவர் கட்டிலருகே குளூக்கோஸ் தூளும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவியும் கொடுத்து வைப்பது நல்லது.

சஹருக்கான வேலையை இரவிலேயே முடித்துவிடலாம். தராவீஹ் தொழுது திரும்பியதும் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு கிண்ணத்தில் ஊறப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அரை ஆழாக்குக் கோதுமை ரவையை அளந்து குக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள். முட்டையை முன்கூட்டியே அவித்து, ஓட்டோடு பெட்டியில் வைத்திருங்கள். சஹர் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது எழுந்து, ஊறிய பருப்பையும் ரவையையும் ஒன்றாகக் கொட்டி, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு ஒளூச் செய்யப் போகலாம். திரும்பி வரும்போது மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருக்கும்.